கம்பம் திராட்சை, ஒயின், பீர், பதநீர்: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம் பக்கம், பிழைப்பு மதுரையில். இது தெரிந்ததுமே ஒரு கேள்வி வந்துவிடும்: "உங்க ஊர்ல ஒயின் தோட்டம் இருக்காமே?" அங்கிருந்து பேச்சு பீர், பிராந்தி, பெங்களூரு, பதநீர் என்று எங்கெங்கோ போகும். அலுவலகத்திலும் கல்யாண வீடுகளிலும் ரயிலிலும் கேட்டதையெல்லாம், கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

கம்பம் பக்கம் ஒயின் தோட்டம் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?

இருப்பது திராட்சைத் தோட்டம். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுகப் பந்தல் போட்டிருப்பார்கள். இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. உலகச் சந்தையில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் ஏறத்தாழ 85 விழுக்காடு தேனி மாவட்டத்தில்தான். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பதிவு. விதையில்லாத திராட்சை வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போக வேண்டும்.

இந்தப் பழத்தில் பெரும்பகுதி கூடையிலும் பெட்டியிலும் ஏறித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தின்பதற்காகப் போகிறது. ஒயினுக்கென்றே வளர்க்கும் தோட்டம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான்.

மதுரையிலிருந்து எப்படிப் போறது? ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

தாராளமாக. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டி ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் போய்ச் சேரலாம். தூரம் சுமார் 115 கிலோமீட்டர். ரயில்தான் பிடிக்கும் என்றால் போடி ரயிலில் தேனி வரை போய் அங்கிருந்து பேருந்து மாறுங்கள். அகலப்பாதை ஆனபின் 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது.

விடிகாலையில் கிளம்பினால் காலையில் தோட்டம், மதியம் சுருளி அருவி, பொழுதிருந்தால் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் என்று பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். 1895-இல் அவர் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணைதான் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர். அதைப் பார்க்காமல் தோட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது அரைகுறை.

எந்த மாசம் போனா கொடியில பழம் இருக்கும்?

கம்பத்தின் தனிச்சிறப்பே இதில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒயினுக்குப் பேர்போன நாசிக் பக்கம் வருடத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். இங்கே குளிர் அவ்வளவு இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால், அதாவது கொடியை வெட்டிவிட்டால், சுமார் நான்கு மாதத்தில் பழம் கைக்கு வந்துவிடும். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுப்பார்கள். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு இருக்கும், அதற்கடுத்ததில் அறுவடை நடக்கும். அதனால் எந்த மாதம் போனாலும் எங்காவது பழம் தொங்கும்.

மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அடைமழை பெய்தால் பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் வரும், விவசாயியும் உங்களோடு நின்று பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்.

தோட்டத்துக்குள்ள சும்மா விடுவாங்களா?

எல்லாமே தனியார் நிலம். சாலையோரத் தோட்டங்கள் சிலவற்றில் பார்வையாளர்களை உள்ளே விட்டு, வாசலில் பழமும் சாறும் விற்பார்கள். தேக்கடிக்கு வரும் மலையாளிகள் குமுளி இறங்கி இதற்காகவே வருவதால் அது நல்ல வியாபாரமாகவே ஆகிவிட்டது. மற்ற இடங்களில் "அண்ணே, உள்ள வந்து பாத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் நுழைவது, குலையைப் பிடித்து இழுத்துப் படம் எடுப்பது, பறித்து வாயில் போடுவது இதெல்லாம் வேண்டாம். வரும்போது இரண்டு கிலோவாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பந்தல் தாழ்வாக இருக்கும். கல்தூண் நட்டு, கம்பி பின்னி, தலைக்கு மேலே கொடியை ஓடவிட்டிருப்பார்கள். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும்.

பழத்து மேல வெள்ளையா படிஞ்சிருக்கே, அது மருந்துதானே?

எல்லா வெள்ளையும் மருந்தில்லை. பழம் முழுக்க ஒரே சீராக, மெல்லிய புகை படிந்ததுபோல் இருந்தால் அது பழமே சுரக்கும் மெழுகு. ஈரம் வற்றாமல் காப்பது அதுதான். விரலால் தேய்த்தால் போய்விடும். திட்டுத்திட்டாக, சொட்டு காய்ந்த தடமாக, லேசான நீலம் கலந்து இருந்தால் அது தெளித்த மருந்தின் தடமாக இருக்கலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையை நோய்க்கு அடிப்பது வழக்கம். எதுவானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவித் தின்பதே சரி. கொடியிலிருந்து நேராக வாய்க்கு என்பது படத்துக்கு மட்டும் அழகு.

இவ்வளவு திராட்சை இருந்தும் நாசிக் மாதிரி ஏன் ஆகல?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பலரும் 'டாஸ்மாக்தான் காரணம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதிக் காரணம்.

முதலில் பழம். ஒயினுக்கு இனிப்பு அதிகம் வேண்டும். ஒரு லிட்டர் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் சுமார் 17 கிராம் புளித்தால்தான் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 12, 13 விழுக்காடு வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தேவை. அதற்காக ஒயின் விவசாயி வேண்டுமென்றே விளைச்சலைக் குறைத்து, குட்டையான கம்பி வேலியில் கொடியைக் கட்டி, குலைகளைக் கழித்துவிடுவார். நம் விவசாயிக்கோ கிலோ கணக்கில்தான் வருமானம். பந்தல் நிறையக் காய்த்தால்தான் கட்டுபடியாகும். அப்புறம் இரவுக் குளிர். நாசிக்கில் பனிக்கால இரவு நன்றாகக் குளிர்வதால் பழத்தில் புளிப்பும் மணமும் தங்கும். கம்பத்தில் அந்த அளவு குளிர் இல்லை.

அடுத்தது அரசு. மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று கொள்கை போட்டு, ஒயின் ஆலைகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. சுலா நிறுவனம் அதற்கு முன்பே, 1997-இல், நாசிக்கில் கொடி நட்டு 2000-இல் ஒயின் இறக்கியிருந்தது. முன்னோடி ஒருவர் இருந்தார், பின்னாலேயே அரசும் வந்தது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். ஆலை வாசலிலேயே ஊற்றிக்கொடுத்து, பாட்டில் விற்று, பக்கத்தில் விடுதி கட்டுவது என்ற நாசிக் வியாபாரம் இந்த அமைப்புக்குள் அடங்காது. எந்தக் காரணம் பெரியது என்று கேட்டால் நான் பழத்தைத்தான் சொல்வேன். சட்டம் நாளைக்கே மாறலாம். தின்பதற்கான பழத்துக்கு நிச்சயமான சந்தை இருக்கும்போது பந்தலைப் பிரித்துப் போட்டு, நான்கைந்து வருடம் காத்திருக்க எந்தச் சம்சாரியும் துணிய மாட்டார்.

அப்போ கம்பத்துல ஒயின் ருசி பார்க்க முடியாதா?

பள்ளத்தாக்கில் உரிமம் பெற்ற ஒயின் ஆலை வந்திருக்கிறது. ஆனால் ஆலை இருக்கிறது என்பதற்காக வாசலில் போய் நின்றால் கிளாஸ் கொடுத்து வரவேற்பார்கள் என்று கிளம்பாதீர்கள். முன்கூட்டியே கேட்டு, வரச் சொன்னால் மட்டும் போங்கள். தோட்டத்து வாசலில் 'வீட்டு ஒயின்' என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கிறிஸ்துமஸ் ஒயின் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

மதுரையில கிராஃப்ட் பீர் எங்க கிடைக்கும்?

கிடைக்காது. கடைக்குள்ளேயே தொட்டி வைத்துக் காய்ச்சி, அங்கேயே குழாயைத் திறந்து ஊற்றும் சிறு ஆலைதான் கிராஃப்ட் பீர் கடை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படி ஒன்று இல்லை. ஹோட்டல் பாரில் அந்தப் பெயர் போட்ட பாட்டிலோ டின்னோ இருக்கலாம், அது வேறு. தொட்டியிலிருந்து நேராக வரும் பீர் சூடாக்கிப் பதப்படுத்தாதது. சில நாளில் சுவை இறங்கிவிடும். அதனால்தான் காய்ச்சும் இடத்திலேயே குடிக்கிறார்கள்.

பீர், ஒயின், விஸ்கி, பிராந்தி எல்லாம் சரக்குதானே? ஆலையில என்ன பெரிய வித்தியாசம்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. இட்லி மாவு பொங்குவதற்குப் பின்னாலும் நுண்ணுயிர்களின் இதே மாதிரி வேலைதான் இருக்கிறது. திராட்சையில் சர்க்கரை தயாராக இருப்பதால் நசுக்கி வைத்தாலே புளிக்கும், அது ஒயின். பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பாக்கிய பிறகுதான் ஈஸ்ட் வேலை செய்யும், அது பீர். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற குளிர்நாட்டுக் கொடியின் பூவைப் போடுவார்கள். கோதுமை பீரில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும். பழமே சேர்க்காமல் ஈஸ்ட் மட்டும் உண்டாக்கும் வாசனை அது. ஆலைக்காரரிடம் இதைக் கேளுங்கள், உற்சாகமாகப் பேசுவார்.

புளித்ததைக் காய்ச்சி வடித்தால் அடுத்த கட்டம். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். முதலில் எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் வீரியம் கூடும். ஒயினை வடித்தால் பிராந்தி, பார்லிக் கள்ளை வடித்து மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்தால் மால்ட் விஸ்கி. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். வடிப்பவரின் கைத்திறமை எங்கே வெட்டுகிறார் என்பதில்தான்.

கடையில விக்கிற பிராந்தி நம்ம திராட்சையில செய்றதா?

பாட்டிலில் திராட்சைக் குலை படம் இருப்பதால் வரும் சந்தேகம். மேலே சொன்ன கணக்கில் பிராந்தி என்றால் ஒயினை வடித்தது. ஆனால் நம் நாட்டில் மலிவாக விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் மூன்றுக்கும் பெரும்பாலும் மூலம் கரும்பு. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகைப் புளிக்கவைத்து, வாசனையே இல்லாத அளவுக்கு வடித்து, அப்புறம் நிறமும் மணமும் சேர்ப்பார்கள். சில வகைகளில் திராட்சை வடிசாறும் கலப்பதுண்டு, லேபிளைப் பார்த்தால் தெரியும். கம்பத்துக்காரர்களைவிடக் கரும்பு போடும் சம்சாரிகளுக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

சரி, நேர்ல பார்க்கணும்னா எந்த ஊருக்குப் போகணும்?

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது பெங்களூரு. திராட்சை, பீர், விஸ்கி மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். 2024-லிருந்து மதுரை-பெங்களூரு வந்தே பாரத் ஓடுகிறது, காலையில் ஏறினால் மதியம் போய்விடலாம். ஊருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் நந்தி மலை. அதன் அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள். தொட்டபல்லாபுரத்தில் குரோவர் ஒயின் ஆலை. ஊருக்குள்ளே 2010-ஐ ஒட்டித் தொடங்கிய சிறு பீர் ஆலைகள் இப்போது ஏராளம். 1948-இல் தொடங்கிய அம்ருத் ஆலையும் பெங்களூருதான். அவர்கள் 2004-இல் தங்கள் சிங்கிள் மால்ட் விஸ்கியை (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்தது) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் வெளியிட்டார்கள். திருநெல்வேலிக்கே அல்வா! பெங்களூரு வெயிலில் பீப்பாய் விஸ்கி வருடத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிவிடும், ஸ்காட்லாந்தில் சுமார் 2 விழுக்காடுதான். அதனால் இங்கே சீக்கிரம் முதிர்கிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது.

ஒயின் மட்டும் போதும் என்றால் நாசிக், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள். கோவா என்றால் மார்ச்சிலிருந்து மே வரை. முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து ஃபெனி வடிக்கும் பருவம் அது. முதல் வடிப்பு உர்ராக், அதற்கும் மேலே வடித்தது ஃபெனி. பீர் மட்டும், செலவும் குறைவாக என்றால் புதுச்சேரியில் பார்க்கலாம். எங்கே போனாலும் ஆலைக்குள் நுழைய முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: தமிழ்நாட்டில் 21, கோவாவில் 18, மகாராஷ்டிரத்தில் பீருக்கும் ஒயினுக்கும் 21, மற்றவற்றுக்கு 25.

நான் குடிக்கவே மாட்டேன். எனக்கு இதுல என்ன இருக்கு?

ஆலையைப் பார்க்கக் குடிக்க வேண்டியதில்லை. முளைகட்டும் தளம், செம்புக் கொப்பரை, பீப்பாய் அறை எல்லாம் தொழில் பார்க்கிறவர்களுக்கான காட்சி. ருசி பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், தொழில்காரர்களே வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவார்கள். அதனால் 'வேண்டாம்' என்று சொல்வதில் சங்கடமே இல்லை. கூட வருபவர்கள் வற்புறுத்தினால், வண்டி ஓட்டப்போவது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

பதநீரும் கள்ளும் ஒண்ணுதானே? ஒண்ணுக்கு ஏன் அனுமதி, இன்னொண்ணுக்கு ஏன் தடை?

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும், அது கள். ஆல்கஹால் அளவில் கள் ஏறக்குறைய பீர் மாதிரிதான். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. விவசாயிகள் சங்கங்கள் தடையை நீக்கச் சொல்லிப் போராடி வருகின்றன. ஆலைச் சரக்கை அரசே விற்கும்போது மரத்துச் சரக்குக்கு மட்டும் தடை என்பது எனக்கும் முரணாகத்தான் படுகிறது.

கோடை தொடங்கியதும் ராமநாதபுரம், சாயல்குடிச் சாலைகளில் பதநீர் கிடைக்கும். காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏறியபின் நுரைத்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு வீட்ல ஒயின் போடுறாங்களே, அது தப்பா?

பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட், பீங்கான் ஜாடி. பல வீடுகளில் பரம்பரையாக நடப்பதுதான். ஆனால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அளவு சின்னது என்பதற்காக அது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. விற்றால் சிக்கல் இன்னும் பெரிது. வாங்குபவருக்கும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய வழியில்லை.

பூசைக்கு வைக்கும் ஒயின் வேறு கதை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அது திராட்சையிலிருந்து மட்டுமே செய்த, கெடாத, இயற்கையான ஒயினாக இருக்க வேண்டும். அதை முறையான உரிமத்தோடு தயாரிக்கிறார்கள்.

மலைப்பக்கம் நாட்டுச் சரக்கு ஒரிஜினலா கிடைக்குமாமே?

வேண்டாம். இதற்கு நீளமான பதில் தேவையில்லை, ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். கள்ளச் சாராயச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் வீரியத்துக்காகக் கலக்கும் மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே பார்வையோ உயிரோ போய்விடும். வாசனையிலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான்.

பெங்களூர்ல இருந்து ரெண்டு பாட்டில் மட்டும் கொண்டு வந்தா என்ன?

வேற்று மாநிலச் சரக்கை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பில் இருக்கிறது, பரிசாக வாங்கினேன் என்பதெல்லாம் சோதனைச் சாவடியில் எடுபடாது. வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. புதுச்சேரிக்கும் இதே பதில்தான். அங்கே பிடித்ததை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், ஊருக்குக் காபித்தூளோ முந்திரியோ வாங்கி வாருங்கள்.

ருசிதானே பார்த்தோம், நாலு சின்ன கிளாஸ். வண்டி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நான்கு சின்ன கிளாஸைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழு கிளாஸ் ஒயின் வரும், அதுவே எல்லையைத் தொடப் போதும். நந்தி மலைக்கு ஓட்டுநரோடு வண்டி பிடித்துக்கொள்வதுதான் நல்லது.

அம்மா, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போகலாமா?

கம்பத்துக்குக் கண்டிப்பாக. குளிர்ந்த சாறு, தலைக்கு மேலே குலை, பக்கத்தில் அருவி என்று பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும். பெங்களூரு, நாசிக் ஆலைகளில் தோட்டம் சுற்றப் பிள்ளைகளை விட்டாலும் ருசி பார்க்கும் இடத்துக்குள் விட மாட்டார்கள். வீட்டில் ஒருவராவது அவர்களோடு வெளியே உட்கார வேண்டியிருக்கும், அதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசையா வாங்கின பழம் மதுரை வர்றதுக்குள்ள நசுங்கிப் போகுதே, என்ன பண்றது?

பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, காம்பிலிருந்து உதிரவும் செய்யும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டால் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் அடியில் சாறு கட்டிவிடும். அட்டைப் பெட்டி கேட்டு வாங்கி, அடியில் காகிதம் விரித்து, குலையைக் காம்போடு இரண்டே அடுக்காக வையுங்கள். தோட்டத்தில் கழுவ வேண்டாம், ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும். தின்னும்போது கழுவிக்கொள்ளலாம். பேருந்தில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பழங்களை அன்றைக்கே சாறு போட்டுவிடுங்கள்.